திருப்பித் தராதவர்கள்

செப்டம்பர் 8

மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மரபுக் கட்டடங்களை அடையாளம் காணும் குழுவில் ‘உள்ளூர் வரலாற்று ஆய்வாளர்’ என்ற இடத்துக்கு என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷமாக இந்த ஊரைப் பற்றி எழுதுகிறேன். இப்போதுதான் என் விலாசம் கிடைத்திருக்கிறது. அதிலும் தெருப் பெயர் தப்பு. தபால்காரர் இரண்டு நாள் சுற்றிவிட்டுக் கொண்டுவந்தார்.

வேலை இதுதான். ஊரில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் எவை என்று சான்றோடு சொல்ல வேண்டும். சான்று உள்ளவை பட்டியலில் சேரும். வாசலில் நீலப் பலகை வைப்பார்கள். பலகைக்கான வரலாற்றை அறுபது வார்த்தைக்குள் நான் எழுத வேண்டும். சான்று இல்லாதவை ‘இதர திட்டங்களுக்கு’ப் போகும். இடித்துவிடுவார்கள் என்பதை மாநகராட்சி அப்படித்தான் எழுதும்.

மொத்தம் பதினான்கு கட்டடங்கள். கடைசிப் பெயர் ஞானோதய வாசகசாலை. அந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்ட வரைபடம் தயாராக இருக்கிறதாம்.

மனைவி கோமுவிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

“சும்மா எழுதிக் குடுத்தா போதுமா, இல்ல இதுக்கும் யார்கூடயாவது சண்டை போடணுமா?”

ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் வரவில்லை.

செப்டம்பர் 11

உதவிப் பொறியாளர் ரெஜினாவோடு மணிக்கூண்டுக்குப் போனேன். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே குறிப்பெடுக்கிறார். கடிகாரத்தின் நான்கு முகங்களும் நான்கு நேரம் காட்டின. ஊரில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது: “இதை 1897இல் ஒரு பருத்தி வியாபாரி கட்டினார். எதிரே அவருடைய தம்பி கட்டிய சத்திரத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. சத்திரத்தில் படுத்தவர்கள் தூங்கக் கூடாது என்பதற்காகவே மணி அந்தப் பக்கம் பார்த்துத் தொங்கவிடப்பட்டது.”

“சார், இது உண்மையா?”

“தம்பி கேஸ் போட்டிருக்கான். தீர்ப்பு நகல் எங்கிட்ட இருக்கு.”

“உண்மையாவே இருக்கட்டும் சார். இது போர்டு. வெளியூர்க்காரங்க வந்து படிப்பாங்க.”

“வெளியூர்க்காரன்னா பொய் சொல்லலாமா?”

அவர் சிரித்துவிட்டார். “இதுவரைக்கும் யாரையாவது நல்லவங்கன்னு எழுதியிருக்கீங்களா சார்?”

“செத்தவங்கள்ல தேடிக்கிட்டிருக்கேன்” என்றேன்.

செப்டம்பர் 13

பெண்கள் ஆஸ்பத்திரி. ஜமீன்தார் தன் மனைவியின் நினைவாகக் கட்டியது என்று வாசல் கல் சொல்கிறது. ஊரில் எல்லோரும் அந்தக் கல்லைக் கும்பிடாத குறையாகப் பேசுவார்கள். அந்த அம்மாளுக்குப் பிரசவ வலி கண்டபோது ஆண் டாக்டர் உள்ளே வரக் கூடாது என்று இரண்டு நாள் அவரை வாசலில் நிறுத்திவைத்தவரும் அதே ஜமீன்தார்தான். மூன்றாம் நாள் டாக்டர் தேவைப்படவில்லை. அந்த டாக்டரே கலெக்டருக்கு எழுதிய கடிதம் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ரெஜினா எழுதுவதை நிறுத்தி, வெளிநோயாளிகள் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை மட்டும் அப்படியே போடுவோம் சார். கமிஷனர் கேட்டா நான் பாத்துக்கிடுதேன்.”

பொறியியல் கல்லூரிகளில் எப்போதாவது ஒரு நல்ல பிள்ளையும் படிக்கிறது.

செப்டம்பர் 16

தண்ணீர்த் தொட்டி. குழாய் போட்ட வரிசைப்படி தெருக்களின் பெயர்களை மட்டும் எழுதினேன், வருஷத்தோடு. முதல் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும் முப்பத்தொரு வருஷம் இடைவெளி. வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கடைசித் தெரு எந்தத் தெரு என்று ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

முதுகுவலி.

செப்டம்பர் 17

வாசகசாலை. முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன்.

கரும்பலகை இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது. வாசலுக்கு வலப்புறம், தெருவில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்காமலேயே படிக்கிற உயரத்தில். தலைப்பு மட்டும் வெள்ளைப் பெயின்ட்: ‘நூல்களைத் திருப்பித் தராதவர்கள்.’ கீழே சாக்பீஸில் உறுப்பினர் பெயர், நூலின் பெயர், எடுத்த தேதி. புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் நூலகர் ஈரத்துணியால் துடைப்பார். வேறு யாரும் துடைக்கக் கூடாது. அபராதம் கிடையாது. வேறு எந்த ஊரிலும் நான் இதைப் பார்த்ததில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அபராதத்தைவிட இது நன்றாகப் புரியும் என்று ஆரம்பித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1984இல் என் பெயர் அதில் இருந்தது. எனக்குப் பதினேழு வயது. பிரெஞ்சுப் புரட்சி பற்றிய தடித்த புத்தகம். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூலகர் தாணுமூர்த்தி வாங்கிப் பதியாமல் வேறு அலமாரியில் செருகிவிட்டார். என் அப்பா ஆபீஸ் போகும் வழியில் அதைப் படித்தார். நடுத்தெருவில் அறைந்தார். கொடுத்துவிட்ட புத்தகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தார். பதினோரு நாள் கழித்துப் புத்தகம் கிடைத்தது. பெயரைத் துடைத்தார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவும்தான்.

இப்போது பலகையில் ஒரு பெயரும் இல்லை. திருப்பித் தராமலிருக்க முதலில் யாராவது எடுக்க வேண்டுமே.

செயலர் தேவசகாயம் ஓடிவந்தான். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். 1992இல் எனக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலை அவனுக்குப் போனது. நான் பள்ளிக்கூடத்தில் அக்பரின் மகன் யார் என்று கேட்டுக் காலத்தைக் கழித்தேன். அவன் துறைத்தலைவராகி விருப்ப ஓய்வு பெற்று, இப்போது இந்தப் பாழடைந்த கட்டடத்துக்குச் செயலராக இருக்கிறான்.

“ஏல ஆவுடை! நீதான் கமிட்டின்னு கேட்டப்போதான் உசிரு வந்துச்சு.”

“கட்டடத்தோட வயசுக்கு என்ன சான்று வச்சிருக்கீங்க, செயலர்?”

முகம் சுண்டியது. சான்று இல்லை. முகப்பில் இருக்கும் கல் 1958இல் புதுப்பித்தபோது வைத்தது. அஸ்திவாரக் கல் அந்தப் பூச்சு வேலையில் எங்கேயோ மறைந்துபோயிற்று. வடகிழக்கில், ஈசான மூலையில், வாரக் கணக்காகச் சுரண்டியிருக்கிறார்கள். செங்கல்தான் வந்தது.

“மினிட்ஸ் புக்கு ஒண்ணு இருந்துச்சுல்லா, மொதல் வால்யூம்? அது களவு போகாம இருந்தா இந்தப் பாடு இல்ல” என்றான்.

“ஆமா” என்றேன்.

செப்டம்பர் 19

அது என்னிடம் இருக்கிறது. என் டைரியில் இதை எழுத எனக்கு என்ன பயம்?

நிகழ்ச்சிக் குறிப்பேடு, முதல் தொகுதி. அறையில் இருக்கும் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் 1992 ஜூலை 11 முதல் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு பட்டுவேட்டிக்குக் கீழே. எடுத்தேன் என்று எழுதுகிறேன். திருடினேன் என்று எழுத மாட்டேன். ஆராய்ச்சிக்காகப் பார்க்க அனுமதி கேட்டேன். அன்றைய செயலர் பத்து நாள் அலையவைத்துவிட்டு முடியாது என்றார். ஒரு வாரத்தில் வைத்துவிடலாம் என்றுதான் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தேன். மூன்றாம் நாளே போலீஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படி வைப்பது?

அலமாரிச் சாவி தாணுமூர்த்தியிடம் இருந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அது நிர்வாகத்தின் முடிவு. நான் அந்த நிர்வாகத்தில் இல்லை.

என் ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பில்கூட அதைச் சொல்ல முடியவில்லை. இந்த ஊரின் மிக நல்ல ஆவணத்தை முப்பத்திரண்டு வருஷமாக நான் ஒருவனே படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று எடுத்துப் பார்த்தேன். ஒரு பூச்சி அரிக்கவில்லை. அந்தக் காலத்துக் காகிதம் அப்படி.

செப்டம்பர் 21

தேவசகாயம் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். எடுத்தேன்.

“தாணுமூர்த்தி அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்டே. அந்தப் புக்கை எத்தனை தடவை படிச்சிருப்பாரு! கல்லு எங்கன்னு ஞாபகம் இருக்கும்லா.”

“என்ன சொன்னாரு?”

“‘திருட்டுப் பயகிட்ட என்னவே கேக்க வந்தீரு’ன்னு கதவைச் சாத்திட்டாரு. எழுபத்தொம்பது வயசு. என்ன கோவங்கிற!”

வேலை போன பிறகு அவர் ரயிலடிப் பக்கம் ஒரு தியேட்டரில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தார் என்று தேவசகாயம் சொன்னான். எனக்கு அது செய்தி இல்லை. சினிமாவின் தரம் கெட்டுவிட்டதால் நான் தியேட்டருக்குப் போவதை 1993இலேயே நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 26

குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு இன்னும் நான்கு நாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் பெயரை எழுதிய பலகையும், அது தொங்கிய சுவரும் லாரியில் போகும். தேவசகாயம் தெருவில் நின்று பார்ப்பான். யாருக்கும் நான் எந்தக் கெடுதலும் செய்தவனாக மாட்டேன்.

கோமு தோசை வார்த்தாள். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது வேண்டாம் என்றேன்.

“என்ன, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?”

“இல்ல.”

“வாசகசாலையை இடிக்கப் போறாங்களாமே?”

“இடிக்கட்டும்.”

அவள் மூன்றாவது தோசையையும் தட்டில் போட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 30

கூட்டம். நீள மேசை, பிஸ்கட், குளிர். இறுதிப் பட்டியலை அச்சடித்து எல்லோர் முன்னாலும் வைத்திருந்தார்கள். பதினான்காவது வரி: ‘ஞானோதய வாசகசாலை. கட்டிய ஆண்டு 1958. பரிந்துரை இல்லை.’ கீழே என் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

தேவசகாயத்தை ஐந்து நிமிஷம் பேச விட்டார்கள். கடைசியில் கெஞ்சினான். எனக்கு அதில் குறை இல்லை. நான் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். ஆனால் 1958. அச்சில் 1958. தப்பான வருஷம் என்று எனக்குத் தெரியும். அதன் கீழே ஆய்வாளர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு எவனாவது என் பெயரைச் சொல்லி அதை மேற்கோள் காட்டுவான்.

“தென்சுவர்ல பாருங்க. மூணாவது சன்னலுக்குக் கீழ” என்றேன்.

“என்ன சார்?” என்றார் ரெஜினா.

“அஸ்திவாரக் கல்லு.”

அப்போதே இரண்டு காரில் கிளம்பினார்கள். தெற்குப் பக்கம் குப்பைத் தொட்டியும் ஒரு பழைய கிணறும் இருக்கின்றன. கொத்தனார் முழங்கால் உயரத்தில் பூச்சை உடைத்தார். நாலாவது அடியில் உளி வேறு மாதிரிச் சத்தம் கொடுத்தது. கருங்கல். ரெஜினா தண்ணீர் பாட்டிலை ஊற்றித் தன் துப்பட்டாவால் துடைத்தார். 1909 அக்டோபர் 14.

தேவசகாயம் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. என்னுடையதையும் பாழாக்கினான்.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? எல்லாரும் ஈசான மூலைன்னு சொல்றப்போ?”

“யூகம்” என்றேன்.

அக்டோபர் 2

செய்தித்தாளில் கால் பக்கம், படத்தோடு. ஆவுடையப்பன் என்ற என் பெயரை ஆவுடைநாயகம் என்று போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். “சின்ன விஷயம்தானே சார்” என்றான் ஒருவன். வருகிற 14ஆம் தேதி வாசகசாலையின் ஆண்டு விழாவில் நீலப் பலகை திறப்பு. எனக்குப் பொன்னாடை.

அக்டோபர் 6

காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் தாணுமூர்த்தி. குடையை ஊன்றிக்கொண்டு மூன்று படி ஏறிய மூச்சை வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடுவதற்குள் கோமு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டாள். அவர் உட்காரவில்லை.

“பேப்பர்ல பாத்தேன். நல்லா இருந்துச்சு” என்றார். “தென்சுவரு, மூணாவது சன்னலுன்னு எப்படிவே தெரியும்?”

“யூகம்தான். அந்தக் காலத்துக் கட்டடங்கள்ல...”

“அந்தக் காலத்துல எவன்வே தெக்க கல்லு வச்சான்? ஒரு கட்டடம் சொல்லும்.”

சொல்ல அப்படி ஒரு கட்டடம் இல்லை.

“அது மினிட்ஸ்ல ஏழாம் பக்கத்துல இருக்கு. அந்தப் பக்கத்தைப் படிச்சு இன்னைக்கு உசிரோட இருக்கவன் ஒண்ணு நானு. இன்னொண்ணு அதைக் கொண்டுபோனவன்.”

கோமு மோர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

“அந்த வாரம் நான் ரெண்டு பேருக்குத்தான் அலமாரியைத் தொறந்து விட்டேன். செக்ரட்டரி கூடாதுன்னாரு. படிக்கிற பிள்ளையளை அலைய விடுதாகளேன்னு எனக்குப் பொறுக்கல. ஒண்ணு தேவசகாயம், இன்னொண்ணு நீரு. டீ குடிச்சிட்டு வாரேன், இருந்து படியும்னு சொல்லிட்டுப் போனேன். முப்பத்திரெண்டு வருசமா ரெண்டு பேருல எவம்னு தெரியாது. போன மாசம் தேவசகாயம் வந்து, கல்லு எங்க இருக்குன்னு கேட்டான் பாத்துக்கிடும், அவன் இல்லன்னு ஆயிட்டு. சொல்லாம கதவைச் சாத்திட்டேன். எடுத்தவனுக்குத் தெரியும்லா, அவன் சொல்லட்டும்னு.”

“நான் சொல்லாம இருந்திருந்தா? கட்டடம் போயிருக்கும்.”

“போட்டும்னுதான் இருந்தேன். எனக்கு அந்தக் கட்டடம் என்னவே செஞ்சிது?”

கோபத்தில் 1984ஐச் சொன்னேன். கொடுத்த புத்தகத்தைக் கொடுக்கவில்லை என்று ஊர் பார்க்க எழுதிப்போட்டதை, அப்பா நடுத்தெருவில் அறைந்ததை, மன்னிப்புக் கடிதம் எழுதவைத்ததைச் சொன்னேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா” என்றார்.

அவ்வளவுதான். அதைத்தான் சொன்னார். மோரை வாசல் திண்டில் வைத்தார்.

“போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். போலீசு எங்கிட்ட வந்ததே போதும். பதினாலாந் தேதி ஆண்டு விழா. பலகை அங்கனதான் தொங்குது. சாக்பீஸ் மேசை டிராயர்ல இருக்கும்.”

குடையை ஊன்றி இறங்கிப் போனார். மூன்று படிக்கு எவ்வளவு நேரம்!

அக்டோபர் 7

ஒன்றும் நிரூபிக்க முடியாது. யூகம் என்றால் யூகம்தான்.

அக்டோபர் 9

புத்தகத்தை ஆற்றில் போட்டுவிடலாம் என்று பையில் வைத்துக்கொண்டு பாலம் வரை போனேன். நடுப்பாலத்தில் பத்து நிமிஷம் நின்றேன். அதில் முப்பத்தாறு கூட்டங்களின் நடவடிக்கை இருக்கிறது. முதல் பெண் உறுப்பினரைச் சேர்ப்பதா என்று மூன்று கூட்டம் சண்டை போட்டிருக்கிறார்கள். வாக்களித்த ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது. மயில்துத்தம் போட்ட மை, இன்னும் மங்கவில்லை. இதைத் தண்ணீரில் போடுகிறவன் மனிதன் இல்லை.

வரும்போது கத்தரிக்காய் வாங்கிவந்தேன். சொத்தை.

அக்டோபர் 11

சரஸ்வதி பூஜை. குளித்துவிட்டு வந்தால், பூஜைப் பலகையில் என் புத்தகங்கள், என் ஆய்வேடு, பேனா, கோமுவின் தையல் கத்தரி. எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனமும் குங்குமமும் வைத்து, நிகழ்ச்சிக் குறிப்பேடு.

அவள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“இதை எங்கேருந்து எடுத்த?”

“எங்க இருந்துச்சோ அங்கேருந்து. வருசா வருசம் அந்துருண்டை வைக்கிறது யாருன்னு நெனைச்சிய? தானா வந்து ஒக்காந்துக்கிடுதா?”

“எத்தனை நாளா தெரியும்?”

“கல்யாணமாகி வந்த மொத ஆடிக்கு. பீரோவை ஒதுங்க வச்சப்போ. உள்ள சீல் இருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாதா?” துருவுவதை நிறுத்தவில்லை. “உருண்டை யாரு வச்சான்னு கேப்பியன்னு இருந்தேன். நீங்க சொல்லுவியன்னும் இருந்தேன். ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா, சினிமா கெட்டுப்போச்சும்பிய. அங்க டிக்கெட் கிழிக்கிறவரைப் பாக்க முடியலன்னு சொல்ல வேண்டியதுதான?”

“நீ சும்மா இரு.”

“இருபத்தொம்பது வருசம் சும்மாதான் இருந்திருக்கேன்.”

பூஜையில் வைத்ததை இன்று எடுக்கக் கூடாதாம். எடுத்துவிடுவேன் என்று அவள் அங்கேயே பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 12

விஜயதசமி. இன்று எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். கோமு தன் பங்குக்குச் செய்தித்தாளில் ஒரு பத்தி வாசித்தாள். பிறகு குறிப்பேட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். “சத்தமா வாசிங்க. நானும் கேக்கணும்லா.”

ஏழாம் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை முறை திறந்திருக்கிறேன்.

‘அஸ்திவாரக் கல்லை எவ்விடம் நாட்டுவதென்று வெகுநேரம் தர்க்கம் நடந்தது. ஈசானியத்தில் நாட்டினால் பாதிரியார் வர மாட்டாரென்றும், மேற்கில் நாட்டினால் மற்றவர் வர மாட்டார்களென்றும் சொல்லப்பட்டது. ஆகவே எவருக்கும் உகந்ததல்லாத தென்சுவரில், மூன்றாம் சன்னலின் கீழ் நாட்டுவதென்று ஏகமனதாய்த் தீர்மானிக்கப்பட்டது.’

கோமு சிரித்தாள். “எவருக்கும் உகந்ததல்லாத” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அக்டோபர் 14

விழா பத்து மணிக்கு. எட்டரைக்குப் போனேன். பந்தல்காரர்களும் பெருக்குகிற பவுனும்தான் இருந்தார்கள். மேசை டிராயரில் சாக்பீஸ் இருந்தது. பலகையில் எழுதினேன்:

சு. ஆவுடையப்பன். நிகழ்ச்சிக் குறிப்பேடு, தொகுதி 1. எடுத்த நாள் 11-7-1992.

எழுத்து கோணியது. சுவரில் தொங்கும் பலகையில் எழுதுவது வகுப்பறையில் எழுதுவது போல இல்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் தேவசகாயம் வந்தான். படித்தான். என்னைப் பார்த்தான். மறுபடி படித்தான். முப்பத்திரண்டு வருஷமாக என்னை ஏச அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். அவன் போய் நாற்காலி அடுக்க ஆரம்பித்தான். அதை என்னால் மன்னிக்க முடியாது.

வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். ரெஜினா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படித்தார். “யூகம்னு சொன்னீங்களே சார்” என்றார், மெதுவாக. என்னைப் பற்றி அறுபது வார்த்தையில் எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளை இனி என்ன எழுதும் என்று தெரியவில்லை.

பொன்னாடையைக் கமிஷனருக்கே போர்த்திவிட்டார்கள்.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு தாணுமூர்த்தி வந்தார். வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு உள்ளே காலை வைத்தார். யாரிடமும் கேட்காமல் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, குறிப்பேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அட்டையில் இருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“பக்கம் சரியா இருக்கு” என்றார், தேவசகாயத்திடம்.

பிறகு மண்பானையில் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றார். நானும் போனேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“எங்க ரெண்டு பேருக்குத் தொறந்து விட்டதை அப்பவே போலீஸ்ல சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காதே. ஏன் சொல்லல?”

“சொல்லிருக்கலாம். எடுத்தவன் ஒருத்தன். எடுக்காதவன் ஒருத்தன். ரெண்டு பேரையும்லா போலீசு கூட்டிட்டுப் போவான்.” அவர் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எடுக்காதவன் பேரை ஒரு தடவை எழுதிட்டேன். பதினோரு நாளு கெடந்துச்சு. அந்தப் பையனைத் தகப்பன் அடிச்சதை இந்தச் சன்னல் வழியாத்தான் பாத்தேன். ரெண்டாந்தடவை எழுத எனக்குக் கை வரல.”

பதினோரு நாள் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து முதல் முறையாக, ஒருவர் துடைக்க வேண்டும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

“முப்பத்திரெண்டு வருசம் எம்பேரு எழுதிப் போட்டிருந்துச்சு. பலகையிலதான் இல்ல” என்றார். “அந்தப் பதினோரு நாளைக் கழிச்சுக்கிடும்வே. மிச்சம் கெடக்கட்டும்.”

துணியைப் பானைமேல் காயப்போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 15

முப்பத்திரண்டு வருஷத்தில் பதினோரு நாளைக் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு எண்பத்தொன்பது வயதில் முடியும். அவருக்கு நூற்றுப் பதினொன்று. துடைக்க ஆள் இருக்க மாட்டார் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். பழிவாங்குகிற குணம்.

அக்டோபர் 17

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, குழந்தைகள் தினத்துக்கு நான் பேச வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. பால்காரர் வழக்கம்போல் பேசினார்.

கோமு, ரயிலடித் தியேட்டரில் என்ன படம் ஓடுகிறது என்று கேட்டாள். அதை இடித்து ஐந்து வருஷமாகிறது, இப்போது ஜவுளிக்கடை என்றேன். “சரி, ஜவுளிக்கடைக்காவது கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

அக்டோபர் 19

அடைமழை பிடித்துக்கொண்டது. காய்கறி வாங்கப் போனவன் வாசகசாலைப் பக்கம் திரும்பினேன். பவுன் ஈரத்துணியோடு பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“சாரல்ல எல்லாம் கலைஞ்சு கெடக்கு சார். தொடைச்சிரட்டா?”

“தொடாத” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் பயந்து ஒதுங்கினாள்.

‘ஆவு’ முழுக்க அழிந்திருந்தது. தேதியில் ஒரு எண் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு டிராயரிலிருந்து சாக்பீஸ் எடுத்துவந்தேன். பலகை ஈரமாக இருந்தால் சாக்பீஸ் பிடிக்காது. அது காயும் வரை நின்றிருந்து, விட்டுப்போனதையெல்லாம் எழுதிவிட்டு வந்தேன்.